மனைவியின் தையல் மெஷினைக் கொடுத்துவிட்டேன், இப்போது முகம் கொடுத்துப் பேச மறுக்கிறார்

கேள்வி:

எனக்கு வயது 39. இரண்டு வருடமாக மினிமலிச வாழ்க்கைக்கு, அதாவது தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வதற்கு, மாறிக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று இப்போது இருப்பது மொத்தம் 87 பொருட்கள்தான், செல்போனில் பட்டியலே வைத்திருக்கிறேன். மனசு லேசாக இருக்கிறது. பிரச்சினை வீட்டில் மற்றவர்களோடுதான். மனைவி எதையும் தூக்கிப் போட மாட்டார், எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கி அடுக்குவார். 9 வயது மகள் கிறுக்கிய காகிதத்தைக்கூட விட மாட்டேன் என்கிறாள். வீடு பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று ஒரே மாதிரி வெள்ளை அலமாரிகளும் டப்பாக்களும் வாங்கிப் போட்டேன், அதையும் யாரும் மதிக்கவில்லை. போன மாதம் மனைவி வெளியூர் போயிருந்தபோது, பல வருடமாகத் துணி மூடிக் கிடந்த தையல் மெஷினைத் தேவைப்பட்ட ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டேன். இறந்துபோன அவருடைய அம்மாவின் மெஷின் என்று தெரியும், ஆனால் அதை யாரும் தொட்டே ஏழெட்டு வருடம் இருக்கும். அதன் இழுப்பறையில் அம்மா கையெழுத்தில் அளவு எழுதிய சீட்டுகள் இருந்தது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நல்ல நோக்கத்தில் செய்ததை இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்:

மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன், புரிய வைக்கும் வேலையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது தாமதமாகத் தாமதமாகக் கஷ்டமாகிக்கொண்டே போகும். மெஷினை வாங்கிக்கொண்டு போனவரை இன்றைக்கே கூப்பிடுங்கள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள், "அது என் மனைவியின் அம்மாவுடையது, அவரிடம் கேட்காமல் கொடுத்துவிட்டேன், திரும்பத் தர முடியுமா, பதிலுக்கு வேறு ஒரு மெஷின் வாங்கித் தருகிறேன்" என்று. பெரும்பாலான மனிதர்கள் இப்படிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். மெஷின் கைமாறிப் போயிருந்தாலும் இழுப்பறையில் இருந்த சீட்டுகளையாவது எடுத்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். மெஷினைவிட அந்தச் சீட்டுகள் உங்கள் மனைவிக்குப் பெரியதாக இருக்கலாம். ஒருவரின் கையெழுத்து வேறு எங்கும் கிடைக்காது, போனால் போனதுதான்.

எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை என்றால், தேடினேன், கிடைக்கவில்லை என்று மனைவியிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது "நல்லதுக்குத்தான் செய்தேன்", "ஏழெட்டு வருடமாகச் சும்மாதானே கிடந்தது" என்ற இரண்டு வாக்கியங்களும் வாயில் வரவே கூடாது. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் மன்னிப்போடு சேர்த்துச் சொன்னால் மன்னிப்பு அடிபட்டுப் போகும். "உன்னைக் கேட்காமல் உன் பொருளில் நான் முடிவெடுத்தது தப்பு. இனிமேல் உன்னுடையது எதையும் உன்னைக் கேட்காமல் தொட மாட்டேன்." இவ்வளவு போதும். அதற்கு அவர் உடனே பதில் சொல்ல வேண்டும் என்றோ சிரிக்க வேண்டும் என்றோ எதிர்பார்க்காதீர்கள். அவர் கோபம் மெஷின் போனதற்காக மட்டும் இருக்காது. தான் இல்லாத நேரம் பார்த்து இது நடந்தது என்பதுதான் அதிகம் உறுத்தும். அடுத்த முறை வெளியூர் போகும்போது வீட்டில் எது காணாமல் போகும் என்ற பயத்தோடு அவர் போக வேண்டியிருக்கும் அல்லவா, அந்தப் பயம் போக நாளாகும்.

சரி, யாரும் தொடாத ஒரு பொருள் ஒருவருக்கு எப்படி இவ்வளவு முக்கியமாக இருக்க முடியும் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொருள் என்றாலே அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது அடைசல், இந்தக் கணக்கை வைத்துத்தான் நீங்கள் வீட்டைப் பார்க்கிறீர்கள். சட்டைக்கும் சார்ஜருக்கும் இந்தக் கணக்கு சரி. ஆனால் மனிதர்கள் பொருளைப் பயன்படுத்த மட்டும் வைத்துக்கொள்வதில்லை. நுகர்வோர் நடத்தையை ஆராய்ந்த ரஸ்ஸல் பெல்க் 1988-இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையின் சாரமே இதுதான்: நம் உடைமைகளை நாம் நம்மில் ஒரு பகுதியாகவே உணர்கிறோம், அதனால் அவை நம் விருப்பமில்லாமல் பறிபோகும்போது நம்மிலேயே ஒரு பகுதி குறைந்ததுபோல் வலிக்கிறது. திருட்டுக் கொடுத்தவர்கள் போன பொருளின் மதிப்பைவிட அதிகமாகக் கலங்குவதை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மெஷின் ஏழெட்டு வருடமாகத் தைக்கவில்லை, உண்மைதான். உங்கள் மனைவிக்கு அம்மா இருந்த காலத்தோடு இருந்த தொடுப்பு அது, அந்த வேலையை அது தினமும் செய்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், இது உங்கள் மனைவியின் பலவீனம் இல்லை, மனித மனசின் அமைப்பு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று மிக எளிமையானது. ஒரு கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சாதாரண மக் ஒன்றைக் கொடுத்து, இதை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். மக் கிடைக்காதவர்களிடம், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் சொன்ன விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சில நிமிடம் முன்னால் கைக்கு வந்த, எந்த நினைவும் ஒட்டாத ஒரு மக்குக்கே இப்படி. அப்படியென்றால் அம்மா மடித்து வைத்த சீட்டுக்கு என்ன விலை போடுவீர்கள்? நீங்கள் மனைவியின் பொருளை வெளியிலிருந்து பார்க்கிறீர்கள், வாங்க வந்தவரின் இடத்தில் நிற்கிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாமே மலிவாகத்தான் தெரியும், அது கொள்கையினால் வந்த தெளிவு இல்லை.

நினைவுப் பொருட்களைக் குறைக்கவே முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. பழைய பொருட்களைத் தானம் செய்யச் சொல்லி இரண்டு விதமாக அறிவிப்பு ஒட்டினார்கள். ஒரு பக்கம் வழக்கமான வேண்டுகோள், இன்னொரு பக்கம், நினைவுள்ள பொருளை முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கொடுங்கள் என்ற வேண்டுகோள். வழக்கமான அறிவிப்புக்கு 533 பொருட்கள் வந்தன, போட்டோ அறிவிப்புக்கு 613. பெரிய மாயம் எதுவும் இல்லை, ஆனால் நினைவைப் பத்திரப்படுத்திவிட்டால் பொருளை விடுவது கொஞ்சம் எளிதாகிறது. இதைப் படித்துவிட்டு நீங்கள் போனை எடுத்துக்கொண்டு மனைவியின் அலமாரியைப் படம் எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்த மாணவர்கள் ஒவ்வொருவரும் தன் பொருளைத் தானே எடுத்து, தானே பார்த்து, தானே கொடுத்தார்கள். அந்தத் 'தானே' இல்லாவிட்டால் போட்டோவால் ஒரு பிரயோசனமும் இல்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அடைசல் மனசை அழுத்துகிறது என்று நீங்கள் உணர்வது கற்பனை இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகும் குடும்பங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டி அவர்களே விவரிக்க, அதைப் பதிவு செய்து, கூடவே உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவையும் சில நாள் பார்த்தார்கள். கார்டிசால் காலையில் ஏறி மாலைக்குள் நன்றாக இறங்க வேண்டும். வீடு அடைசலாகக் கிடக்கிறது, வேலை முடியாமல் கிடக்கிறது என்ற மாதிரி வார்த்தைகளை அதிகம் சொன்ன மனைவிகளுக்கு அது சரியாக இறங்கவில்லை, நாள் போகப் போக மனநிலையும் மோசமானது. கணவர்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவாகத் தெரியவில்லை. அடைசல்தான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் இதை நான் உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொருள் நிறைந்த வீட்டில் பெரும்பாலும் அதிகம் களைப்பவர் அதை எடுத்து வைத்துத் துடைத்துத் தேடிக் கொடுக்கும் ஆள்தான். உங்கள் வீட்டில் அந்த ஆள் யார்? உங்கள் மனைவியாக இருந்தால், அடைசல் குறைவதில் உங்களைவிட அவருக்குத்தான் லாபம், உங்களைவிட அவருக்குத்தான் எங்கே எது உறுத்துகிறது என்றும் தெரியும். "இந்த வீட்டில் உனக்கு எந்த இடம் தினமும் எரிச்சல் தருகிறது?" என்று ஒரு நாள் அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் என்ன செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

அப்புறம் இரண்டு இரண்டாக வாங்குவது. சோப்பு, பேஸ்ட், மாவு, பேட்டரி, எதுவானாலும் ஒன்று கையில், ஒன்று இருப்பில். இப்படி வாங்குகிறவர்களிடம் நான் ஆலோசனையின்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான், சின்ன வயதில் வீட்டில் எது தீர்ந்துபோனால் பயமாக இருந்தது? பலருக்கும் உடனே பதில் வந்துவிடும். தட்டுப்பாட்டில் வளர்ந்தவருக்கு இருப்பு என்பது நிம்மதி. குறைத்து வாழ்வது அழகு என்று நினைக்க, வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியம் முதலில் வேண்டும், அந்தத் தைரியம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. உங்கள் மனைவி எப்படி வளர்ந்தார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவரிடம் இருப்பே வைக்காதே என்று சொல்லாமல், இருப்புக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள், ஒரு தட்டோ ஒரு முழு அலமாரியோ, அவர் சொல்லும் அளவு. அது நிறைந்தால் வாங்குவதை நிறுத்துவார், காலியானால் வாங்குவார். அளவை இடம் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். இதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் வலியுறுத்துவேன், பழையது முன்னால், புதியது பின்னால் என்று அடுக்கப் பழகினால் காலாவதியாகி வீணாவது நின்றுவிடும்.

மகள் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அவள் தூங்கும்போதோ பள்ளிக்குப் போயிருக்கும்போதோ அவள் காகிதங்களை எடுத்துப் போடாதீர்கள். சொல்லாமல் ஒரு முறை காணாமல் போனதைக் கண்டுபிடித்த குழந்தை, மிச்சம் இருப்பதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பழைய டிக்கெட்டைக்கூட ஒளித்து வைக்கும். 9 வயதுப் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியும், வாய்ப்புதான் கொடுக்க வேண்டும். மூடி போட்ட ஒரு நல்ல பெட்டியை அவளே பிடித்ததாகப் பார்த்து எடுக்கட்டும், இதில் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள், இது உன்னுடையது, யாரும் திறக்க மாட்டோம் என்று சொல்லுங்கள். பெட்டி நிறைந்த அன்று எல்லாவற்றையும் தரையில் பரப்பி உட்காருங்கள். ஒவ்வொரு படத்தையும் எடுத்து, இது என்ன, எப்போது வரைந்தாய் என்று கேளுங்கள். அவள் சொல்வதைப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதித் தேதி போடுங்கள். பாதிப் படங்களுக்கு அவளே "இது ஒண்ணும் இல்லப்பா, சும்மா கிறுக்கினேன்" என்று சொல்லி ஒதுக்கிவிடுவாள். அவளே ஒதுக்கியது போகட்டும். நீங்கள் தூக்கிப் போட நினைத்த ஒன்றை அவள் வைத்துக்கொள்வேன் என்றால், அதற்கும் சரி என்று சொல்லப் பழகுங்கள். வேண்டியதையும் வேண்டாததையும் பிரிக்கும் பழக்கம் ஒரு பிள்ளைக்கு இப்படித்தான் வரும். அப்பா தூக்கிப் போடுவதைப் பார்த்து வராது.

இப்போது உங்களுடைய 87. அந்தப் பட்டியலில் குடை இருக்கிறதா? ஸ்க்ரூட்ரைவர், ஏணி, காய்ச்சல் மாத்திரை, விருந்தாளி வந்தால் விரிக்கும் போர்வை, சட்டையில் பட்டன் அறுந்தால் தைக்க ஊசி நூல்? இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இவை 'வீட்டுப் பொருட்கள்'. மழை வந்தால் நீங்களும் அந்தக் குடையைத்தான் எடுப்பீர்கள். யாரோ ஒருவர் அதை வாங்கி, உலர்த்தி, மடித்து, இருக்கும் இடத்தில் வைத்திருப்பதால்தான் உங்கள் பட்டியல் 87-இல் நிற்கிறது. இதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தில் வாழ்கிறவர் தன் பொருளை மட்டும் தனியாக எண்ணினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் குறைவு, உங்கள் லேசான வாழ்க்கையின் எடையில் ஒரு பங்கை வேறொருவர் சுமந்துகொண்டிருக்கலாம், அவர்தான் எதையும் தூக்கிப் போட மாட்டேன் என்கிற உங்கள் மனைவி. பட்டியல் வைப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன், தொடக்கத்தில் அது கைப்பிடி மாதிரி உதவும். ஒரு மாதம் அதைத் திறக்காமல் இருந்து பாருங்கள். முடிகிறது என்றால் நல்லது. எண்ணிக்கை கூடிவிடுமோ என்று பதைப்பு வருகிறது, யாராவது பரிசு கொடுத்தால் சந்தோஷத்துக்குப் பதில் எரிச்சல் வருகிறது, தேவையானதையும் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப வாங்குகிறீர்கள் என்றால், அதை ஒரு மனநல ஆலோசகரிடம் நேரில் பேசுங்கள். சேர்க்கும் வெறி மட்டும்தான் தொந்தரவு என்று பலரும் நினைக்கிறார்கள். கழிக்காமல் இருக்க முடியாத தவிப்பும் உண்டு, சில சமயம் அது மனப்பதற்றத்தின் இன்னொரு முகமாக இருக்கும்.

அந்த வெள்ளை அலமாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1769-இல் டெனி டீட்ரோ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் தன் பழைய வீட்டு அங்கியை இழந்ததற்கு வருந்தி ஒரு கட்டுரை எழுதினார். அவருக்குப் புதிதாக ஒரு சிவப்பு அங்கி வந்தது, அழகான அங்கி. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் சுற்றியிருந்த பழைய சாமான்கள் பொருத்தமில்லாமல் தெரிந்தன. வைக்கோல் நாற்காலி போய்த் தோல் நாற்காலி வந்தது, மேசை மாறியது, சுவரில் இருந்த படங்கள் மாறின. பழைய அங்கிக்கு நான் எஜமானாக இருந்தேன், புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்று எழுதுகிறார். ஒரு பொருள் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும் இந்த வழக்கத்துக்கு 1988-இல் மானுடவியலாளர் கிரான்ட் மெக்ராக்கன் 'டீட்ரோ விளைவு' என்று பெயர் வைத்தார். மினிமலிசத்திலும் இது அச்சாக நடக்கிறது. இருப்பதைக் குறைக்கக் கிளம்பியவர் முதலில் ஒரே நிறத்தில் டப்பா வாங்குகிறார், டப்பாவுக்குப் பொருந்த அலமாரி, அலமாரிக்குப் பொருந்த மற்றதெல்லாம். வேலை செய்யும் பழைய டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு அழகான புதிய டப்பா வாங்கியதில் எதுவும் குறையவில்லை, ஒன்று குப்பைக்குப் போய் ஒன்று கடையிலிருந்து வந்தது, அவ்வளவுதான். வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும், அதையும் தூக்கிப் போடாதீர்கள். இனிமேல் அடுக்குவதற்கென்று எதையும் வாங்க வேண்டாம். முதலில் குறைப்பது, பிறகு இருக்கும் டப்பாவில் அடுக்குவது. பெரும்பாலும் புதிதாக எதுவும் தேவைப்படாது.

மனைவியோடு பேச்சு ஓரளவு சரியான பிறகு, அவருக்கும் விருப்பம் இருந்தால் மட்டும், எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன். நினைவுள்ள பொருள் பக்கமே போகாதீர்கள். யாருக்கும் பாசம் இல்லாத இடங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஒயர்கள் கிடக்கும் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எதற்கென்று தெரியாத சார்ஜர்கள், உயிர் போன இரண்டு மூன்று போன்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, போன வருடமே உத்தரவாதம் முடிந்த ரசீது, பால்பாயிண்ட் பேனாவின் மூடி மட்டும். ஒவ்வொன்றும் அங்கே வந்து சேர்ந்த காரணம் ஒன்றுதான், அன்றைக்கு அதைப் பற்றி முடிவெடுக்க யாருக்கும் நேரமில்லை. அடைசலில் பெரும்பகுதி இதுதான், தள்ளிப்போட்ட முடிவுகள். அதனால்தான் ஒரு சின்ன இழுப்பறையைச் சுத்தம் செய்வதற்குள் மூளை அவ்வளவு களைத்துப்போகிறது, அத்தனை முடிவுகளை ஒரே மூச்சில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் முழு வீட்டையும் கவிழ்த்துப் போடும் திட்டங்கள் பாதியில் நிற்பதும் இதனால்தான், மதியத்துக்குமேல் எதையும் முடிவு செய்ய முடியாமல் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே திணிப்போம். ஒரு முறைக்கு ஓர் இழுப்பறை போதும், அதிகம் போனால் அரை மணி நேரம்.

இருவருக்கும் ஒத்துவராத பொருள் வந்தால் சண்டை போட வேண்டாம், ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு மேலே ஆறு மாதம் தள்ளித் தேதி எழுதி ஒட்டிப் பரணில் வைத்துவிடுங்கள். இடையில் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், எடுத்தால் அது வீட்டுக்குத் தேவையான பொருள் என்று முடிவாகிவிடுகிறது. தேதி வந்ததும் இருவரும் சேர்ந்து திறக்க வேண்டும், திறக்காமலே கொடுத்துவிடலாம் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு, உங்கள் வீட்டில் அது வேண்டாம், நடந்தது நடந்திருக்கிறது. அதோடு, இருவருக்கும் தனித்தனியாக இடம் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் அலமாரியில் மூன்று சட்டை மட்டும் தொங்கட்டும், அவர் அலமாரி கதவு மூட முடியாமல் பிதுங்கட்டும், அதைப் பற்றி நீங்கள் வாய் திறக்கக் கூடாது. கூடம், சமையலறை மேடை, நுழைவாசல் மாதிரி பொதுவான இடங்களுக்கு மட்டும் இருவரும் பேசி ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். விதி என்றால் இருவருக்கும் விதி, உங்கள் விருப்பத்துக்கு அவர் தலையாட்டுவது விதி ஆகாது.

வெளியே போவதைவிட உள்ளே வருவதைத்தான் கவனிக்க வேண்டும், இதில்தான் உங்கள் ஆர்வத்தை முழுசாகக் காட்டலாம், யாரும் புண்பட மாட்டார்கள். அவசரமில்லாத எதையும் பார்த்த அன்றைக்கே வாங்காமல் எழுதி மட்டும் வைத்து, ஒரு மாதம் கழித்து இருவரும் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்ல பழக்கம், பாதிக்கு மேல் ஏன் எழுதினோம் என்றே தெரியாது. கடைகளின் தள்ளுபடி அறிவிப்புகளைப் போனில் நிறுத்திவிடுங்கள், கார்டு எண்ணை ஷாப்பிங் ஆப்களிலிருந்து அழித்துவிடுங்கள். வாங்குவதற்கு நடுவில் எண்ணைத் தேடி எடுத்துத் தட்டச்சு செய்ய வேண்டும் என்ற சின்னத் தடங்கல் வந்தாலே பல வாங்கல்கள் நின்றுபோகும். வருடத்துக்கு இரண்டு முறை தேவைப்படும் கருவியை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்க முடிந்தால் வாங்குங்கள், நீங்களும் கொடுங்கள்.

கழிக்கும் பொருளை எங்கே சேர்க்கிறோம் என்பதையும் இதன் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம்தான். அந்த இழுப்பறைப் போன்களைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும், குப்பை வண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கொடுக்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, போனை முழுசாக ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். காலாவதியான மருந்தைக் கழிவறையில் கொட்டாமல் மருந்தகத்தில் திரும்ப எடுப்பார்களா என்று கேளுங்கள். தானம் கொடுப்பது என்றால் நல்ல நிலையில் உள்ளதை, வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கிழிந்ததையும் உடைந்ததையும் மூட்டை கட்டிக் கொடுத்தால் தூக்கிப் போடும் வேலையை அடுத்தவர் தலையில் கட்டியதாகத்தான் ஆகும்.

கடைசியாக, உங்கள் மனைவிக்குச் 'சேர்க்கும் நோய்' இருக்கிறதா என்று இணையத்தில் தேடியிருப்பீர்களோ என்று ஒரு சந்தேகம் எனக்கு, பலரும் தேடுகிறார்கள். பொருள் குவிக்கும் கோளாறு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது, 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டு நூலில் அது தனிக் கோளாறாகச் சேர்க்கப்பட்டது. மதிப்பே இல்லாத பொருளைக்கூடப் பிரிய முடியாத தவிப்பு, அதனால் கட்டிலில் படுக்க முடியாமல், அடுப்பில் சமைக்க முடியாமல், வீட்டுக்குள் நடக்க வழி இல்லாமல் வாழும் இடமே பயன்படாமல் போவது, இவைதான் அதன் அடையாளங்கள். சோப்பு இரண்டாக வாங்குவதும் அம்மாவின் மெஷினை வைத்திருப்பதும் அந்த வகையில் வராது, நீங்கள் எழுதியதை வைத்து எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அப்படியே ஒருவருக்கு அது இருந்தாலும், வீட்டார் அவர் இல்லாதபோது அள்ளி வெளியே போடுவதுதான் செய்யவே கூடாத ஒன்று, பொருள் திரும்பவும் சேரும், நம்பிக்கை மட்டும் திரும்பாது. அதற்கென்று வடிவமைத்த மனச்சிகிச்சை இருக்கிறது.

நீங்கள் மன்னிப்புக் கேட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றி, இரண்டு மூன்று மாதம் கழிந்தும் அவர் பேசாமலே இருந்தால், இருவரும் சேர்ந்து ஒரு குடும்ப ஆலோசகரைப் பாருங்கள். முதல் சந்திப்பில் அவரை முதலில் பேச விடுங்கள், இடையில் திருத்தாதீர்கள். அம்மாவைப் பற்றிப் பேசினார் என்றால் மெஷின் விஷயத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு வராமல், பேசி முடிக்கும்வரை கேளுங்கள்.